பல்லி படித்த கோள்

அந்தக் காலத்தில், பிராணிகளெல்லாம் வாய் ஓயாமல் பேசித் திரிந்தபோது, காட்டிலேயே பெரிய வாயாடி பல்லிதான். எழுத்து வேறு தெரியும், கேட்க வேண்டுமா! சிங்கராஜா சபையில் பிராது ஓலைகளைப் படிக்கும் வேலை அதனுடையது. 'முயல் என்மேல் கோள் சொன்னது', 'நரி கோள் மூட்டியது' என்று பாதிப் பிராது இப்படித்தான் வரும். கோள் சொன்னவர் பொழுது சாய்வதற்குள் காட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டம்.

ஒரு மத்தியானம் பூச்சி தேடி ஆந்தையின் பொந்துக்குள் நுழைந்தது பல்லி. ஆந்தை நல்ல தூக்கம். பக்கத்தில் ஓர் ஓலை. 'மைனாவின் மரத்துக்கு மேலே அந்திதோறும் ஒரு கோள் கிளம்புகிறது. மெல்ல மெல்ல ராஜாவின் குகைப் பக்கம் நகர்கிறது.'

"அடிப் பாவி மைனா, ராஜாவரைக்கும் போய்விட்டாயா!" என்று பல்லி வாயைப் பிளந்தது. மைனா அதன் உயிர்த்தோழி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால்தானே! நாக்கு நமநமத்தது. ஓலையைத் தூக்கிக்கொண்டு சபைக்கு ஓடி, உரக்கப் படித்துவிட்டது.

"நான் யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லையே, பல்லியக்கா! கூட்டில் முட்டை இருக்கிறது, நாளைக்குக் குஞ்சு பொரித்துவிடும்" என்று மைனா அழுதது.

"எழுத்து பொய் சொல்லுமா?" என்றது பல்லி. மைனா அப்படியே பறந்து போய்விட்டது.

அந்தியில் ஆந்தை கண் விழித்து, ஓலையைத் தேடி வந்தது. நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டது.

"அட அறிவுகெட்ட பல்லியே, அது நான் வானத்தைப் பார்த்து எழுதியது! கோள் என்றால் அதோ, அது!"

மைனாவின் மரத்துக்கு மேலே செக்கச் செவேலென்று ஒரு புள்ளி மின்னியது.

"பிராதில் வந்தால் அது பொல்லாங்கு. வான ஓலையில் வந்தால் இது. எந்த ஓலை என்று பார்க்க மாட்டாயா?"

பல்லிக்கு உடம்பெல்லாம் கூசிற்று. மரத்துக்கு ஓடியது. முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. ஐயோ, கோள் சொன்னது மைனா இல்லை, நான்தானே! யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை. சட்டப்படி தானே காட்டைவிட்டு வெளியேறி, மனிதர் வீட்டுச் சுவரில், படத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. எங்கேயோ போய்விட்ட மைனாவை நினைத்து மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் பேச்சு எழவில்லை.

அன்று முதல்தான் பல்லி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, 'த்சு... த்சு...' என்று உச்சுக் கொட்டுகிறது. பாவம், அது மைனாவை நினைத்து வெட்கப்படுகிறது. நாமோ பஞ்சாங்கத்தைப் புரட்டி, பல்லி சொன்னதற்கு என்ன பலன் என்று தேடுகிறோம்.