காளான் வாய் மூடிய கதை

கோசலை மதினி சொன்ன இந்தக் கதையை அம்பலவாணன் பல வருடங்களாக நம்பவில்லை. காளானாவது பேசுவதாவது என்று ஒதுக்கினார். நம்பாத ஒன்றை ஏன் இத்தனை நாள் மனதில் வைத்திருக்கிறோம் என்று பிறகு தன்னையே சந்தேகப்பட்டார். மதினி சொன்னது இதுதான்.

செடியும் கொடியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலம் அது. செவந்தாயி என்று ஒருத்தி. பிறந்த வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்துவந்த நாரத்தை விதைகளில் ஒன்றே ஒன்றுதான் அவள் தோட்டத்தில் முளைத்திருந்தது. அந்தக் கன்றின்மேல் அவளுக்கு உயிர். ஆனால் ஒரு சருகு விழுந்தாலும் பொறுக்கமாட்டாள். கூட்டிக் கூட்டியே மண் களம்போல இறுகிவிட்டது. கன்று வாடியது.

“தண்ணி ஊத்துறேனே, இன்னும் என்னடி வேணும்?”

“ஊத்துறது என் வேருக்கு வரலையே ஆத்தா. மேலேயே ஓடிப்போகுது.”

அப்போதுதான் காளான் வந்தது. இலை இல்லை, பூ இல்லை என்று எந்த மரமும் அதை அண்டவிடவில்லை.

“தாயி, நீ வேண்டாமுன்னு கழிக்கிறதை இங்க குவிச்சு வை. அதுல ஒண்டிக்கிறேன். உன் பிள்ளைக்கு நான் தண்ணி கொண்டாந்து தாரேன்.”

“கையுமில்ல, காலுமில்ல. எதுல கொண்டாருவ?”

“நூல் விடுவேன்.”

செவந்தாயிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நைந்த வைக்கோல், வாழைமட்டை, தேங்காய்நார் எல்லாவற்றையும் கன்றருகே குவித்துக் கழுநீர் தெளித்தாள். காளான் உள்ளே புகுந்து, வெள்ளை நூலாக மண்ணுக்குள் ஓடியது. கொஞ்ச நாளில் கன்று துளிர்த்தது. சாயங்காலமானால் மூவரும் உட்கார்ந்து பேசுவார்கள்.

போகி வந்தது. ஊரே பழையதைக் கொளுத்தியது. பக்கத்து வீட்டு மூக்கம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“ஏ செவந்தாயி, நாளைக்கு வர்ற சூரியன் உன் குப்பை முகத்துலதான் முழிக்கணுமா?”

செவந்தாயிக்கு முகம் சுண்டிப்போனது. பழகிய கை விளக்குமாற்றை எடுத்தது. கன்றுக்குச் சூடு படாமல் குவியலைத் தள்ளி வைத்துத் தீ மூட்டினாள். உள்ளே காளான் தூங்குவது, புகை எழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கழுநீர்ப் பானையை அப்படியே கவிழ்த்தாள். சாம்பல்தான் மிஞ்சியது.

“கண்ணு, இருக்கியா?”

சாம்பலைக் கையால் கிளறிக் கிளறிப் பார்த்தாள்.

மாசியில் கன்று இலை உதிர்த்தது. பங்குனியில் பேச்சும் குறைந்தது. செவந்தாயி விளக்குமாற்றைத் தொடவில்லை. கழித்ததையெல்லாம் கன்றின் காலடியிலேயே போட்டு, தினமும் ஈரம் தெளித்தாள். மூக்கம்மாவின் கேலி காதில் விழத்தான் செய்தது.

“நான் செஞ்சது தப்பு. எனக்காக வேண்டாம், இதுக்காக வா” என்று குப்பையிடம் சொல்வாள்.

சித்திரையில் ஒருநாள் வானம் இடித்து மழை கொட்டியது. விடிந்து பார்த்தால், குப்பையெங்கும் வெள்ளைக் குடைகள். செவந்தாயி குந்தி உட்கார்ந்து பேசிப் பேசிப் பார்த்தாள். ஒரு வார்த்தை இல்லை. கன்றுதான் மெதுவாகச் சொன்னது: “ஆத்தா, தண்ணி வருது.”

அன்றிலிருந்துதான் காளான் பேசுவதில்லை. மேலே நெருப்பு உண்டென்று மண்ணுக்குள்ளேயே வாழ்கிறது. இடிமழைக்குப் பின் மக்கிய குப்பையில் தலையை நீட்டி எட்டிப் பார்க்கும். இரண்டு நாளில் போய்விடும்.

காளான் எப்படிப் பேசும் என்று கேட்கத்தான் அம்பலவாணன் போன மாதம் மதினி வீட்டுக்குப் போனார். வாயில் வந்தது வேறு.

“தீ வச்ச கைன்னு தெரிஞ்சும், அது ஏன் மதினி திரும்பி வந்துச்சு?”