பின்னால் பார்க்காத கலைமான்

ஒரு காட்டில் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. பல்கலைக்கழகம் என்றால் விளையாட்டுச் சங்கம் இல்லாமலா? அங்கே இருந்தது ரக்பி சங்கம். அதன் தலைவன் ஒரு கலைமான். சிட்டாய்ப் பறப்பான் என்பதால் எல்லோரும் அவனைச் சிட்டான் என்றே அழைத்தார்கள்.

ரக்பி தெரியாத குழந்தைகள் கொஞ்சம் காது கொடுங்கள். பந்து முட்டை போல நீளமாக இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், மோதலாம், கட்டிப் புரளலாம். எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. ஆனால் தோழனுக்குக் கையால் கொடுப்பதென்றால் பக்கத்திலோ பின்னாலோ இருப்பவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். முன்னால் எறிந்தால் விசில்தான்!

சிட்டானுக்கு இந்த விதிதான் வேப்பங்காயாகக் கசந்தது.

ஆட்டப் பருவம் தொடங்குமுன் பதிவாளர் யானையார் அவனைக் கூப்பிட்டார்.

"போன வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கலை. இந்தப் பருவத்துல மூணு ஆட்டம் இருக்கு. ஒண்ணாவது ஜெயிக்கணும். இல்லேன்னா சங்கத்தைக் கலைச்சுட்டு மைதானத்துல கரும்பு போட்டுடுவேன்!"

யானையாருக்குக் கரும்பின் மேல் கொஞ்சம் கண் இருந்தது உண்மைதான். ஆனால் சொன்னால் சொன்னதைச் செய்பவர். சிட்டானுக்கோ பாடம் எட்டிக்காய், மைதானம்தான் உயிர்.

முதல் ஆட்டம் ஆற்றங்கரையில், நீர்நாய்களோடு. பந்து கையில் வந்ததும் சிட்டான் பறந்தான். ஆறு நீர்நாய்கள் சூழ்ந்துகொண்டன.

"இங்க குடு!" என்று கத்தினான் காட்டுப்பன்றி.

"மாப்ளே, நான் பின்னால இருக்கேன்!" என்று மூச்சிரைக்கக் கூவினான் உடும்பு.

சிட்டான் திரும்பவே இல்லை. சேற்றில் வழுக்கினான், பந்து போயிற்று. ஆட்டமும் போயிற்று.

"ஏண்டா குடுக்கலை?" என்று பன்றி சண்டைக்கு வந்தான். பன்றிக்கு எதையும் முட்டித்தான் பழக்கம்.

"முன்னால போறவன் எதுக்குடா பின்னால பாக்கணும்? அதுவும் உடும்புக்கா? அவன் வந்து சேர்றதுக்குள்ள அடுத்த பருவமே வந்துடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். உடும்பும் சேர்ந்து சிரித்தான். அவன் பொல்லாப்பு அறியாதவன். ஓட்டம் வராது, பிடித்தால் விடமாட்டான், அவ்வளவுதான். விடுதியில் அவன் கைக்குப் போன வடையை இதுவரை யாரும் பிடுங்கியதில்லை.

இரண்டாம் ஆட்டம் குன்றின்மேல், குரங்குகளோடு. இந்தத் தடவை சிட்டான் பந்தைக் கொடுத்தான். ஆனால் எங்கே? முன்னால் ஓடிக்கொண்டிருந்த நரிக்கு! விசில் ஒலித்தது. மறுபடி எறிந்தான். மறுபடி விசில்.

நடுவர் கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி அலுத்துக்கொண்டார். "எத்தனை தடவைப்பா சொல்றது? முன்னால எறியக் கூடாது!"

"பின்னால குடுக்கறது எனக்குக் கௌரவக் குறைச்சலா இருக்கு சார்!"

குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. சிரித்துக்கொண்டே ஜெயித்தும்விட்டன.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், கரடிகளோடு. யானையார் கையோடு விதைக்கரும்புக் கட்டையே கொண்டுவந்துவிட்டார்! அதைப் பார்த்துச் சிட்டானுக்குக் கண் கலங்கியது.

கரடிகள் பந்தை ஒரு முறை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்தன. நம்மவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆட்டம் முடியும் நேரம் வந்தது. அப்போது பந்து சிட்டானிடம் சிக்கியது.

பறந்தான் பாருங்கள்! ஒரு கரடி, இரண்டு கரடி, மூன்று கரடி என்று எல்லாவற்றையும் தாண்டினான். கோடு பத்தடி தூரத்தில் இருந்தது. அங்கே ஒரு முரட்டுக் கரடி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

"எங்கிட்ட எறி!" என்று கோட்டருகிலிருந்து நரி கிசுகிசுத்தான். "கொக்கு குளத்து மீனைப் பாக்குறார், கவனிக்க மாட்டார்!"

சிட்டான் கொக்கைப் பார்த்தான். கொக்கு அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நான் பின்னால இருக்கேன்!"

உடும்பின் குரல்தான். கரடி பிடித்து நிறுத்திய நேரத்தில் அவனும் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தான். பந்தைத் தானே வைத்துக்கொண்டால் கௌரவம் நிற்கும், சங்கம் போய்விடும். 'கௌரவத்தை வைத்துக்கொண்டு கரும்புக் கொல்லையிலா ஓடப் போகிறேன்?' என்று நினைத்தான் சிட்டான். பருவத்திலேயே முதல்முறையாகக் கழுத்தைத் திருப்பினான். பந்தைப் பின்னால் கொடுத்தான். அடுத்த நொடி நான்கு கரடிகள் அவன்மேல் விழுந்தன.

மற்ற கரடிகள் கெக்கலித்தன. "உடும்புக்கா குடுத்தான்? பிடுங்குடா!"

ஒரு கரடி இழுத்தது. பந்து வரவில்லை. இரண்டு கரடிகள் இழுத்தன. ஊஹூம்! மூன்றாவது கரடி காலை ஊன்றி இழுக்கும்போது, உடும்பின் முதுகில் வந்து முட்டினான் பன்றி. அவன் பின்னால் முள்ளம்பன்றி, அவன் பின்னால் மற்ற எல்லோரும் தோளோடு தோள் கோத்துத் தள்ளினார்கள். தேர் நகர்வதுபோல் அந்தக் கூட்டம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கோட்டைத் தாண்டியதும் உடும்பு பந்தோடு தொப்பென்று தரையில் விழுந்தான்.

விசில்!

கரடிகளுக்கு அடியில் கிடந்த சிட்டானுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரடி ரோமம்தான் வாயெல்லாம். "என்னடா ஆச்சு? யாராவது சொல்லுங்கடா!" என்று அலறினான்.

"அஞ்சுக்கு மூணு! ஜெயிச்சுட்டோம்டா!" என்று பன்றி அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்தான்.

யானையார் கரும்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு மெல்ல வந்தார். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. "சரி, சங்கம் இருக்கட்டும். கோட்டைத் தாண்டினது யாரு? நீதானே?"

"இல்லைங்கய்யா, உடும்பு" என்றான் சிட்டான். சொல்லும்போது பொறாமை வரும் என்று நினைத்தான். வந்ததோ சிரிப்பு.

யானையார் கரும்புக் கட்டை உடும்பிடம் நீட்டினார். "எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு குடுப்பா."

உடும்பு கட்டைப் பிடித்துக்கொண்டான். அவனிடமிருந்து அதை வாங்குவதற்குள் அணியின் மற்ற பதினான்கு பேருக்கும் வியர்த்துவிட்டது.

நீதி: முன்னால் ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது, பின்னால் வருபவனை நம்பவும் தெரிய வேண்டும்.