பானெட்டில் வைத்த பொட்டு

முத்துவிநாயகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருமங்கலத்தை அடுத்த அந்தத் தியானக் குடிலில் எல்லோரும் கண்மூடி அமர்ந்திருக்க, அவர் மட்டும் இரண்டு தடவை எழுந்து வெளியே போய்த் தன் வெள்ளைக் காரைப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வயது அறுபத்து மூன்று. குரு மங்கையம்மாவோ அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மூன்றாவது தடவை முத்துவிநாயகம் எழுந்தபோது அம்மா பக்கத்தில் அழைத்து, என்ன சங்கதி என்று கேட்டார்.

மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார். ஆயுத பூஜையன்று மருமகள் செண்பகா, தன் தாய்வீட்டில் மஞ்சளில் செய்த அசல் குங்குமத்தைக் குழைத்து பானெட்டில் பொட்டு வைத்திருக்கிறாள். மறுநாள் துடைத்தால் போகவில்லை. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கார். ஆத்திரம் கண்ணை மறைக்க, "கார் நின்ன வீட்டுல பொறந்திருந்தா இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டார். ஏழு மாத வயிற்றோடு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

போய் அழைத்து வரச் சொல்லி மகன் இவரிடம் கெஞ்சிப் பார்த்தான். கறை முதலில் போகட்டும், அப்புறம் நானே போய் அழைத்து வருகிறேன் என்று இவர் வாயை விட்டார். வளைகாப்புக்கு இன்னும் எட்டே நாள். இவர் போய் அழைக்காமல் அவள் வரமாட்டாள். வீம்பில் மாமனாருக்குச் சளைத்தவள் இல்லை அவள்.

"என்னென்ன போட்டுத் தேச்சீங்க?" என்றார் அம்மா.

பற்பசையில் ஆரம்பித்தாராம். அடுத்து எலுமிச்சைத் தோல். சமையல் சோடா போட்டதும் கறை இன்னும் சிவந்து தொலைத்தது. மண்ணெண்ணெயும் ஆயிற்று. கடைசியில் பாத்திரம் துலக்கும் பொடியும் தேங்காய் நாரும். அடுப்படியில் இவர் கை படாத டப்பா இல்லை என்று மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

"வண்டியை எங்க நிறுத்துறீங்க?"

"ஷெட்டுலதாம்மா. உறை போட்டு மூடித்தான் வைப்பேன்."

"உறையை எடுத்துட்டு வெயில்ல விடுங்க. மஞ்சள்தானே, தானா வெளுக்கும். கையை மட்டும் வைக்காதீங்க."

தேய்ப்பதைவிடச் சும்மா இருப்பது பெரும்பாடாக இருந்தது. அவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். மேகம் வந்தால் மேகத்தைத் திட்டினார். மகன் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

ஐந்தாம் நாள் காலையில் காரை ஓட்டிக்கொண்டு குடிலுக்கே வந்துவிட்டார்.

"போகலைம்மா. இன்னும் மூணு நாள்தான் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

மங்கையம்மா வெளியே வந்து குனிந்து பார்த்தார். பானெட்டில் சிவப்பு என்று பேருக்குக்கூட இல்லை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்புச் செத்து, நுண்ணிய கீறல்களோடு ஓர் இடம் மங்கிக் கிடந்தது.

"இந்த இடந்தான். பளிச்சுன்னு தெரியுது பாருங்க. இது போனாத்தானே நான் அவளைக் கூப்பிட முடியும்?"

அம்மா அந்த இடத்தை விரலால் மெல்லத் தடவினார்.

"அவ வச்சது போயிருச்சு. இது நீங்க தேச்சது."