அரிக்கிற கை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று கிரீடம் கனத்தது. தங்கம் வெட்டப்போன இடத்தில் மண் சரிந்து ஆட்கள் செத்தார்கள் என்று யாரோ ஒரு யாத்ரீகன் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து இந்தக் கனம். நல்ல மனுஷர். கண்ணீர் படாத பொன் என்று முத்திரை வாங்கியது மட்டுமே தன் நாட்டில் விலை போகவேண்டும் என்று ஆணையிட்டுவிட்டார்.

முத்திரை பொக்கிஷதாரர் மழவராயர் கைக்குப் போனது. அவர் சுரங்க முதலாளிகளின் வீடு தேடிப்போய்க் குத்தினார். ஆற்று மணலை மரத்தட்டில் அரித்துக் குன்றிமணிப் பொன் எடுக்கும் ஏழைகளிடமோ, இந்தத் துகள் எந்த மலையிலிருந்து வந்தது, அந்த மலை வந்து சாட்சி சொல்லுமா என்று கேட்டார். காணிக்கை வைத்தால் மலை சாட்சி சொன்ன மாதிரி.

காத்தாயி என்கிற அரிப்புக்காரியின் பொன்னை எந்தத் தட்டானும் வாங்கவில்லை. அடுப்பு அணைந்தே கிடந்தது. அவள் விகடகவி சாத்தப்பனிடம் போனாள்.

"காலு வெளுக்க ஆத்துல நிக்கிறேன் சாமி. மலைய எங்கருந்து கூட்டியாருவேன்?"

சாத்தப்பன் சபைக்குப் போனான். அவன் வாயைத் திறக்குமுன் மழவராயர் முந்திக்கொண்டார். முத்திரை இல்லாமல் அரிப்பவர்களைப் பிடிக்கும் பணியை, ஏழைகளிடம் பரிவுள்ள விகடகவிக்கே அருளவேண்டும் என்றார். ராஜாவும் தலையசைத்தார்.

"அரிக்கிற கை ஒன்றையும் விடாதே. நாளைச் சபையில் நிறுத்து."

மறுநாள் சபை கூடும் நேரத்தில், பட்டால் நமைச்சலெடுக்கும் பூனைக்காலிக் காயின் சுணையைச் சாத்தப்பன் தடவிக் கொடுத்த ஒரு பட்டுப்பையை வாழையிலையில் ஏந்திக்கொண்டு காத்தாயி மழவராயரிடம் போனாள். உள்ளே கொஞ்சம் பொன்துகள். மழவராயர் பையை அமுக்கிப் பார்த்தார். கணக்கரும் அமுக்கிப் பார்த்தார். மலை சாட்சி சொல்லிவிட்டது என்றார்கள்.

சபையில் மழவராயர் கைகூப்பினார். கூப்பிய கைகள் ஒன்றையொன்று பிறாண்டின. கணக்கர் தூணோடு உரசிக்கொண்டிருந்தார்.

"ஆணைப்படி நிறுத்திவிட்டேன், மகாராஜா. அரிக்கிற கைகள்" என்றான் சாத்தப்பன்.

"நான் சொன்னது ஆற்றில் அரிக்கிற கையை."

"அது பொன்னை அரிக்கிற கை, மகாராஜா. இது பொன்னுக்காக அரிக்கிற கை."

சாத்தப்பன் பட்டுப்பையைப் பற்றிச் சொல்ல, ராஜா விசாரித்தார். காணிக்கைக் கதை முழுதும் வெளியே வந்தது. சபையோரம் நின்ற காத்தாயி பேசினாள்.

"முத்திரை வேணாம்னு சொல்லல சாமி. பாக்கணும்னா ஆத்துக்கு வந்து பாக்கச் சொல்லுங்க."

அன்றே முத்திரை ஆற்றங்கரைக்குப் போனது. காணிக்கை கிடையாது, முட்டளவுத் தண்ணீரில் நின்று பார்த்துக் குத்தவேண்டும். காத்தாயியின் பொன்னுக்குத்தான் முதல் குத்து. அரிப்பு அடங்கும்வரை மழவராயரும் மணல் அரிக்கவேண்டும் என்றார் ராஜா. ராஜா கரையில் நின்று பார்க்க, அவரும் அரித்தார். அந்திக்குள் தட்டில் ஏதோ மின்னியது.

"மகாராஜா, பொன்!"

சாத்தப்பன் எட்டிப் பார்த்தான். "காக்காப்பொன், ஐயா. முத்திரைக்குக் காக்கையிடம்தான் கேட்கவேண்டும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த நாரையெல்லாம் அடுத்த நாட்டுக்குப் பறந்துவிட்டது. தன் கைக் கடகத்தைக் கழற்றிச் சாத்தப்பனுக்கு மாட்டினார். நாரைகள் இன்னும் திரும்பவில்லை.