மறுகாலை அடைத்த மச்சான்

கொட்டாவியைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு கேளுங்கள். மலையடிவாரத்தில் ஒரு நாடு இருந்தது. அதற்கு ஒரு ராசா இருந்தார். ராசாவுக்கு மூன்று மச்சான்கள் இருந்தார்கள். நாட்டின் கஷ்டம் அங்கேதான் ஆரம்பம்.

சும்மா விட்டால் மூவரும் அரண்மனையையே தின்று தீர்த்துவிடுவார்கள் என்று பயந்த ராசா, தண்ணீரை மூன்றாகப் பங்கு போட்டார். மலைநீர் வந்து நிற்கும் மேலக்குளம் மூத்தவன் கொப்பையாவுக்கு. அது நிறைந்து, மிச்சநீர் போகும் மறுகாலில் வழிந்தால் நிரம்பும் கீழக்குளம் இரண்டாமவன் சங்கிலிக்கு. கீழக்குளத்து ஈரத்தில் ஊறும் கிணறுகள் கடைசித் தம்பி வெயிலானுக்கு.

"கார்த்திகை தீபத்தன்று எவன் தண்ணீர் தளும்புதோ, அவனுக்கே என் கிரீடம்!" என்று வேறு சொல்லிவைத்தார்.

மறுகால் கற்களின் சந்தில் களிமண் அடைப்பது ஊர் வழக்கம்தான். ஆனால் மழைக்காலம் முடிந்த பிறகே அடைப்பார்கள். கொப்பையா முதல் மழைக்கே அடைத்துவிட்டான். அந்த மழையோடு வானமும் கண்ணை மூடிக்கொண்டது. மேலக்குளம் தளும்பியது. கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை.

சங்கிலி கிணறுகளில் மாடு கட்டி இறைத்துத் தன் குளத்தில் விட்டான். தரை குடித்தது. மறுபடி விட்டான். மறுபடி குடித்தது. பதறிப்போன வெயிலான், மிச்சமிருந்த கிணறுகளைச் சுற்றி முள் போட்டுக் கம்போடு உட்கார்ந்துவிட்டான்.

குடத்தோடு வந்த பெண்களிடம், "தீபம் முடியட்டும் தாயி, அதுவரை எச்சிலை முழுங்கு" என்றான்.

பெண்கள் ராணி செண்பகவடிவிடம் போனார்கள். "உங்க தம்பிங்க மூணு பேரும் தண்ணிக்குக் காவல். எங்களுக்குக் காவல் யாரும்மா?"

ராணி மூத்தவனைக் கூப்பிட்டு, அடைப்பை எடுக்கச் சொன்னாள்.

"குளத்தைப் பார்க்கத்தான் அத்தான் சொன்னாரு, அக்கா. ஊரைப் பார்க்கிற வேலையை யாருக்கும் கொடுக்கலையே!"

தீபம் வந்தது. கொப்பையாதான் ஜெயித்தான். ராணி சிரித்துக்கொண்டே, "குலதெய்வம் கனவிலே வந்துச்சு. மேலக்குளத்துக் கரைக்கு அடியிலே பந்தல் போட்டுத்தான் முடி சூட்டணுமாம்" என்றாள். கனவாவது, கினவாவது. அன்று காலையிலிருந்தே மலைமேல் வானம் கறுத்திருந்தது.

தலையில் கிரீடம் ஏறியதும் மழை கொட்டியது. கொப்பையா அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே கரை கசிந்தது.

"அக்கா, கரை ஒழுகுது!"

"உன் குளந்தானே தம்பி? நிறைஞ்சுதானே இருக்கு?"

"டேய், மம்பட்டியோட வாங்கடா!"

"உன் குளம், உன் பாடு" என்றான் சங்கிலி. பிறகு அவனும் அண்ணாந்து பார்த்தான். மம்பட்டியைத் தேடி ஓடினான். அவன் பின்னாலேயே வெயிலானும் ஓடினான்.

கொப்பையா காத்திருக்கவில்லை. மறுகாலுக்கு ஓடி, கிரீடத்தைக் கழற்றி, அதாலேயே களிமண்ணைத் தோண்டி எறிந்தான். தம்பிகளும் வந்து வெட்ட, மறுகால் பாய்ந்தது. கரை பிழைத்தது. கீழக்குளம் நிறைந்தது. மெல்ல மெல்லக் கிணறுகளும் ஊறின.

நசுங்கிய கிரீடத்தை ராசாவாலும் போட முடியவில்லை. அன்றிலிருந்து மச்சான்கள் மூவருக்கும் ஒரே வேலை: மலையிலிருந்து கிணற்றடிவரை சேர்ந்து நடந்து தண்ணீரைப் பார்ப்பது. வழியெல்லாம் சண்டைதான். சண்டை இன்னும் ஓயவில்லை என்கிறார்கள். ஆனாலும் குடங்கள் நிறைந்தன.

நீதி: மலையில் பெய்வதும் குளத்தில் நிற்பதும் கிணற்றில் ஊறுவதும் ஒரே தண்ணீர் என்பதால், அதைப் பிரித்துக் காப்பவன் எல்லோரையும் கெடுப்பான், சேர்த்துக் காப்பவன் எல்லோரையும் பிழைக்க வைப்பான்.