சந்தின் அகலம்

முதலில் சத்தம்தான் வரும். 'டக்' என்று ஒன்று, பின்னாலேயே இன்னொரு 'டக்'. அப்புறம் இரும்பு லேசாகக் கிலுங்கி, சிமெண்டுத் தரையில் ஒரு கால் 'தொம்' என்று இறங்கும். மற்ற கால் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு வந்து சேரும். கட்டிலில் கிடக்கும் வேதமாணிக்கம் கண்ணைத் திறக்க மாட்டார். செண்பகம் டீச்சர் எழுந்து நின்றாயிற்று, இதோ வராந்தாவில் வருகிறார் என்று அவருக்குத் தெரியும்.

மலையடிவாரத்தில் இருந்தது அந்த இல்லம். முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு அங்கே காலிப்பர் மாட்டி நடக்கப் பழக்குவார்கள். தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, இழுத்துக் கட்டத் தோல்வார், முட்டிக்கு நேரே ஒரு வளையம். எழுந்து நின்றால் வளையம் 'டக்'கென்று விழுந்து முட்டியைப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் அதைக் கையால் தூக்கிவிட வேண்டும். பழக்குகிறவர்தான் செண்பகம். வேதமாணிக்கத்தைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அவர் காலிலும் காலிப்பர்தான்.

வேதமாணிக்கம் பெயிண்டர். நின்று பூசிய மூங்கில் சாரம் சரிந்து மாடி உயரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே இப்போது அவருக்கு ஒன்றுமே தெரியாது. வெந்நீரை ஊற்றினாலும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன அன்று சக்கர நாற்காலி சந்து முனையோடு நின்றுவிட்டது. வீடு சந்தின் கடைசியில். நாற்காலி நுழையாத சந்து. இரண்டு பேர் அவரைச் சிமெண்டு மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலுக்கு வாசல் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. போனால் நடந்துதான் போவது, இல்லாவிட்டால் அந்த வீடே வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். அவர் மனைவி எஸ்தர் நாற்காலி நுழைகிற மாதிரி ரோட்டோரமாக ஒரு வாடகை அறை பார்த்து வைத்திருந்தாள். பிடிக்கவா விடவா என்று கேட்க ஞாயிற்றுக்கிழமை வருவாள்.

பழகுகிற இடத்தில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு கம்பிகள். நடுவில் நடக்க வேண்டும். எதிரே ஆள் உயரக் கண்ணாடி. ஒவ்வொரு தடவையும் வேதமாணிக்கம் குனிந்து பாதத்தைப் பார்ப்பார். தலை குனிந்ததும் இடுப்பு மடங்கும். ஆள் இரண்டாக மடிந்து கம்பியில் தொங்குவார்.

"என்னவே, கீழ என்னத்தத் தொலைச்சீரு?" என்று கேட்டார் காதர் மைதீன். லாரி ஓட்டியவர், இப்போது வாசலோரம் சக்கர நாற்காலியில்.

"என் காலைத்தான்வே தேடுதேன்."

காதர் சிரித்தார். வேதமாணிக்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"டீச்சர், குனியாதீங்க, குனியாதீங்கன்னு சொல்லுதீங்க. பாக்கலேன்னா கால் தரையில இருக்குன்னு நான் எப்படி நம்புறது?"

"சாரத்துல நிக்கும்போது காலைப் பாப்பீங்களா அண்ணாச்சி?"

"பாத்தா போச்சு. சுவரத்தான் பாப்போம்."

"அப்ப பலகையில கால் இருக்குன்னு யார் சொல்லுவா?"

"காலே சொல்லும்."

"சரி."

"என்ன சரி? இப்ப அது வாயே திறக்க மாட்டேங்குதே!"

செண்பகம் கண்ணாடியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"கண்ணை மூடிக்கோங்க."

மூடினார். செண்பகத்தின் ஊன்றுகோல் தள்ளிப் போகிற சத்தம் கேட்டது.

"இப்ப எந்தக் காலை வச்சேன்?"

"இடது."

"இப்ப?"

"வலது. அதுதான் தேய்க்கும்."

"இப்ப?"

வேதமாணிக்கம் காதைத் தீட்டினார். "இன்னும் வைக்கல. அந்தரத்துல நிக்கு."

செண்பகம் சிரித்துவிட்டார். "என் கால் எங்க இருக்குன்னு எனக்கும் இப்படித்தான் தெரியும் அண்ணாச்சி."

வேதமாணிக்கம் கண்ணைத் திறந்தார். "உங்களுக்கென்ன டீச்சர், போலியோ. கால் சொரணை போகாது. என் கதை அப்படியா?"

"போலியோன்னு யார் சொன்னா? பஸ் கவிழ்ந்தது. உங்களுக்கு ஒடிஞ்ச இடத்துக்கும் மேல ஒடிஞ்சது எனக்கு."

வேதமாணிக்கத்தின் கையில் ரோமம் சிலிர்த்து நின்றது. தினமும் விடிகாலையில் வராந்தா முழுக்க நடந்து வருகிற அந்தச் சத்தம்! அதை நடத்தி வருகிறவருக்கு அடியில் கால் இருப்பதே தெரியாதா?

அதற்கப்புறம் அவர் குனியவில்லை. காதைக் கொடுத்தார். 'தொம்' என்று கேட்டால்தான் அடுத்த காலை இடுப்பால் தூக்குவார். கேட்காவிட்டால் நிற்பார். மெதுவாகத்தான் போக முடிந்தது. ஆனால் மடியவில்லை.

சனிக்கிழமை பிற்பகல், அவர் கம்பிகளுக்கு நடுவே பாதி தூரம் வந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை. உலகத்தில் வேறு சத்தமே இல்லை என்கிற மாதிரி இரைந்தது.

"டீச்சர்! கேக்கல!"

கம்பிகளின் அந்தக் கோடியில் ஸ்டூலில் உட்கார்ந்து, காதரின் காலிப்பருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார் செண்பகம். நிமிர்ந்தார்.

"என்ன கேக்கல?"

"என் கால் கேக்கல!"

"எனக்கும்தான் கேக்கல," என்று கத்தினார் செண்பகம். எழுந்து வரவில்லை.

வேதமாணிக்கத்தின் கழுத்து தானாகக் குனியப் பார்த்தது. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு, திருப்பி வைத்த கண்ணாடியின் பலகை முதுகையே பார்த்தார். எது வந்தாலும் வரட்டும் என்று இடது இடுப்பைத் தூக்கி விட்டார்.

உள்ளங்கையில் ஏதோ வந்தது.

சின்னதாக ஒரு நடுக்கம். அது அவருக்குப் பழக்கமான நடுக்கம்தான். சாரத்தில் தனியாக நின்று சுவரைப் பார்த்துப் பூசிக்கொண்டிருக்கும்போது, கீழே எவனாவது ஏறினால் மூங்கில் வழியாகக் கைக்கு வருமே, அதே நடுக்கம். திரும்பிப் பார்க்கவே வேண்டாம், ஆள் வந்தாயிற்று என்று தெரிந்துவிடும்.

வலது இடுப்பைத் தூக்கி விட்டார். மறுபடியும் வந்தது. தரையிலிருந்து இரும்பில் ஏறி, முதுகில் ஏறி, தோள் வழியாக இறங்கி உள்ளங்கைக்கு.

மழை பெய்துகொண்டே இருந்தது. எப்போது கோடிக்கு வந்து சேர்ந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. நின்றார்.

"டீச்சர், சாரத்துல ஆள் ஏறுன மாதிரி இருந்துச்சு."

"யாரு ஏறுனது?"

"நான்தான்," என்றார் வேதமாணிக்கம்.



மழை மெலிந்தது. அப்போதுதான் அவருக்குப் பழைய பயம் திரும்பி வந்தது.

"நாளைக்கு எஸ்தர் வருவா. என்னன்னு சொல்ல? இங்க ரெண்டு பக்கமும் கம்பி இருக்கு. பிடிச்சேன், வந்தேன். வெறும் ஊன்றுகோலை வச்சுக்கிட்டுச் சந்துல எப்படிப் போறது?"

"அந்தச் சந்து எவ்வளவு அகலம் இருக்கும்?"

"அது ஒரு அகலமா டீச்சர்? எதிர்ல நாய் வந்தாலும் ஒருத்தர் பின்னால போகணும்."

"கையை வச்சுக் காட்டுங்களேன்."

காட்டுவதற்காகக் கையை எடுக்கப் போனவர், எடுக்காமல் நின்றார். கம்பிகளின் மேல் விரிந்திருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"இவ்வளவுதான்."

"ரெண்டு பக்கமும் என்ன?"

"சுவர்தான். நான் வெள்ளையடிச்ச சுவர்."

"பிறகென்ன அண்ணாச்சி," என்றார் செண்பகம், "அதுல விழுறதுக்கு இடம் ஏது?"

வேதமாணிக்கம் கைகளைப் பார்த்தபடியே நின்றார்.

செண்பகம் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டுத் துணியை எடுத்தார். வளையத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, வழிந்த எண்ணெயைத் துடைக்கத் தொடங்கினார்.