கழுதைப்புலி பாதம் பதித்த ஓலை

ஒரு காட்டில், வளை தோண்ட நினைக்கிற எவரும் முதலில் ஒரு யோசனைக்காரரைத் தேடிப் போவது வழக்கம். எங்கே தோண்டலாம், எவ்வளவு ஆழம் போகலாம், மழைக்குத் தாங்குமா என்றெல்லாம் அவர் ஓலையில் எழுதித் தருவார். அதன்படி தோண்டுவார்கள்.

அந்தக் காட்டில் பெரிய யோசனைக்காரர் யார் தெரியுமா, குழந்தைகளே? கழுதைப்புலி! ஆலமரத்தடியில் காலை நீட்டிப் படுத்திருக்கும். மண்ணைப் போய்ப் பார்க்காது, எழுதிய ஓலையைப் படிக்காது. அதனிடம் வேலை செய்த எறும்புதின்னிதான் வெயிலில் அலைந்து திரிந்து எழுதிக்கொண்டு வரும். கழுதைப்புலி கொட்டாவி விட்டபடி ஓலையின் அடியில் தன் பாதத்தைப் பதிக்கும். பெயரும் புகழும் பாதத்துக்குப் போகும்.

ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்தது எறும்புதின்னி. ஒருநாள், "ஐயா, இனி நான் தனியாகவே யோசனை சொல்லிப் பிழைத்துக்கொள்கிறேன்" என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டது.

கழுதைப்புலி சிரித்தது. அதற்குச் சிரிப்புக்கா பஞ்சம்?

"போ, போ! நேற்றைய மழைக்கு இன்று முளைத்த காளான் நீ. நாலு நாளில் இதே மரத்தடிக்கு வந்து நிற்பாய்" என்றது.

மறுநாளே காடெல்லாம் ஒரு பேச்சு கிளம்பியது. "எறும்புதின்னி யோசனை சொல்லும் வளையெல்லாம் பாம்புக்கு வசதியான வளையாம். பாம்போடு கூட்டு சேர்ந்திருக்கிறதாம்!" பரப்பியது கழுதைப்புலியின் கையாள் குரங்கு. குரங்குக்கு மரம் விட்டு மரம் தாவ எவ்வளவு நேரம் ஆகும்? மாலைக்குள் காடு முழுக்க ஒப்பித்து முடித்துவிட்டது.

எறும்புதின்னி மனம் தளரவில்லை. யோசனை கேட்டு வந்த முள்ளம்பன்றிக்காக மூன்று நாள் அலைந்தது. முழங்கால் ஆழம் குழி பறித்து, நீர் ஊற்றி, அது எவ்வளவு சீக்கிரம் வற்றுகிறது என்று பார்த்தது. மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தது. எல்லாவற்றையும் எழுதி முடித்து, பகலில் சுருண்டு தூங்கி எழுந்து, ஓலையோடு போனது.

முள்ளம்பன்றி சலிப்போடு சொன்னது: "கழுதைப்புலியார் சற்று முன்பே ஓலை கொடுத்துவிட்டாரே, தம்பி. நீ எழுதியதையேதான் அவரும் எழுதியிருக்கிறார். அவர் யோசனை இலவசமாம். அப்புறம் உனக்கென்ன வேலை?"

எறும்புதின்னி தன் ஓலையைத் திருப்பிப் பார்த்தது. ஓரத்தில் வாழைப்பழக் கறை! தான் தூங்கிய நேரத்தில் வந்து போனது யார் என்று அதற்குப் புரிந்துவிட்டது. கோபத்தில் செதிலெல்லாம் சிலிர்த்தது. சத்தம் போடலாமா? போட்டால் யார் நம்புவார்கள்? 'வயிற்றெரிச்சல் பிடித்தது' என்பார்கள். அழுகையை விழுங்கிக்கொண்டு வீடு திரும்பியது.

அந்த நேரத்தில்தான் முயல் தலைவி அதைத் தேடி வந்தாள். போன மழையில் புதருக்குள் வெள்ளம் புகுந்து மூன்று குட்டிகளை அடித்துக்கொண்டு போயிருந்தது. இந்த மழைக்குள் முயல் கூட்டம் முழுவதுக்கும் ஒரு பெரிய வளை வேண்டும்.

"கழுதைப்புலியாரிடமும் கேட்டிருக்கிறேன், தம்பி. எது நல்ல யோசனையோ அதன்படி தோண்டுவோம்" என்றாள்.

இந்த வேலையும் கைவிட்டுப் போனால் எறும்புதின்னிக்கு வேறு வழியே இல்லை. ஆலமரத்தடிக்குப் போய்த் தலை குனிந்து நிற்க வேண்டியதுதான்.

ஐந்து நாள் காடெல்லாம் சுற்றிப் புற்றுமேட்டைத் தேர்ந்தெடுத்தது. கெட்டி மண், நீர் தேங்காத சரிவு. ஓலை எழுதியது. குரங்கு எப்படியும் வரும் என்று அதற்குத் தெரியும். கழுதைப்புலி எதையும் படிக்காது என்பதும் ஆறு வருஷமாகத் தெரியும். ஆகவே அடியில் ஒரு வரியைச் சேர்த்தது. ஓலையைத் தலைமாட்டில் வைத்துவிட்டுச் சுருண்டு படுத்தது.

குரங்கு வந்தது, எடுத்தது, ஈயடிச்சான் காப்பியாக எழுதியது, பழையபடி வைத்துவிட்டுப் போனது.

"எந்த இடம்?" என்று கேட்டது கழுதைப்புலி.

"புற்றுமேடு, ஐயா."

"அந்தக் கெட்டி மண்ணைத் தோண்ட நம் ஆட்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். ஓடைக்கரை என்றால் ஒரே நாளில் தோண்டிவிடலாம்." முதல் வரியில் இடத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, கீழே பாதத்தைப் பதித்தது. மேலே ஒரு வரி, கீழே ஒரு பாதம். நடுவில் இருந்தது என்னவென்று அதற்கு எதற்கு?

முயல்களின் சபை கூடியது. தலைவி இரண்டு ஓலைகளையும் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இடம்தான் வேறு. மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதே!"

கழுதைப்புலி துள்ளி எழுந்தது. "பார்த்தீர்களா, அம்மா! என்னிடம் ஆறு வருஷம் தின்று வளர்ந்தவன் என் ஓலையையே திருடிவிட்டான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம்!"

"நானே சாட்சி!" என்றது குரங்கு.

"நீ என்ன சொல்கிறாய், தம்பி?" என்று கேட்டாள் தலைவி.

"அவர் எழுதியதாகவே இருக்கட்டும், அம்மா. கடைசி வரியை மட்டும் சத்தமாகப் படியுங்கள்" என்றது எறும்புதின்னி.

தலைவி படித்தாள்: "'முதல் பெருமழை பெய்து ஓயும்வரை, யோசனை சொன்ன நானே இந்த வளைக்குள் இருப்பேன். நான் உயிரோடு வெளியே வந்த பிறகே முயல்கள் குட்டிகளோடு உள்ளே போகலாம்.'"

கழுதைப்புலியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அடேயப்பா, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்றாள் தலைவி. "இரண்டு இடத்திலும் தோண்டுவோம். எழுதியபடி இரண்டு பேரும் உள்ளே இருங்கள்."

வளைகள் தயாராயின. நாலாம் நாள் காலை வானம் இருண்டு இடி இடித்தது. எறும்புதின்னி நேரே புற்றுமேட்டு வளைக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. அதற்கும் பயம் இருந்தது. ஆனால் அந்த மண்ணை அதற்குத் தெரியும்.

கழுதைப்புலியோ ஓடைக்கரையில் நின்று முனகியது. "எனக்கு முட்டி வலி. என் சார்பில் குரங்கு உள்ளே போகும்."

குரங்கு அலறியது. "நானா! ஓலையைத் திருடி எழுதித் தரத்தானே சொன்னீர்கள், சாமி? வளைக்குள் போய்ச் சாகிற பேச்சே இல்லையே!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. பொத்தி என்ன செய்ய? முயல் கூட்டம் முழுவதும் கேட்டுவிட்டது.

"போங்கள் ஐயா, உங்கள் யோசனைதானே?" என்று முயல்கள் நெருக்கித் தள்ளின. கழுதைப்புலி தலையை மட்டும் உள்ளே நுழைத்தது. மழை பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் ஓடைக்கரை மண் பொதபொதவென்று சரிந்தது. உள்ளே தலை, வெளியே வால்! பின்னங்காலை உதைத்து உதைத்து வெளியே வந்த கழுதைப்புலி, மூக்கில் சேறு அடைக்க, திரும்பிப் பாராமல் ஓடியது.

மறுநாள் மழை ஓய்ந்தது. எறும்புதின்னி சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தது. அதன் செதிலில் ஈரம்கூட இல்லை. முயல் தலைவி குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி உள்ளே கொண்டுபோய் விட்டாள்.

கழுதைப்புலி சும்மா இருந்ததா? ஆலமரத்தடியில் சேறு காய்ந்த மூக்கோடு, "புற்றுமேட்டு வளைகூட என் யோசனைதான்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, "அப்படியா ஐயா? சரி, எறும்புதின்னி வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும்?" என்று வழி கேட்டார்கள்.

நீதி: அடுத்தவர் அறிவைத் திருடிக்கொள்ளலாம், அதற்குப் பொறுப்பேற்கும் துணிவைத் திருட முடியாது.